ஆளுக்கு ஒரு தகடு

மொக்கடி, கடைகளின் பணத்தை ஏற்றிச்செல்லும் எங்கள் கம்பெனி டிப்போவில் பணப்பெட்டி தூக்குகிறவள். வண்டியிலிருந்து கடைவாசலுக்கு, கடைவாசலிலிருந்து வண்டிக்கு. வண்டியை ஓட்டுபவர் ஃபன்யானா. ஆறு வருஷமாக இருவரும் ஒரே வண்டிதான்.

கம்பெனி தந்த கவச உடை கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தாங்கும். கொள்ளைக்காரர்களோ ரைஃபிளோடு வருகிறார்கள். ஸ்பிரிங்ஸ் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ஆள் ஒருவர் அந்த உடையோடுதான் சுடப்பட்டுச் செத்தார். அடக்கம் முடிந்த வாரமே மொக்கடி தன் போனஸை எடுத்துக்கொண்டு பெனோனி நகரில் இருக்கும் கவசக் கடைக்குப் போனாள். ஃபன்யானாவும் கூடப் போனார்.

கடைக்காரர் முதலில் இரும்புத் தகடுகளைக் காட்டினார். அவள் மாட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் இரண்டு சுற்று ஓடிப் பார்த்தாள்.

"ஐயோ, குண்டு வர்றதுக்கு முன்னாடி மூச்சு முட்டியே போயிடுவேன்."

"பீங்கான் தகடு இருக்கு, எடை கம்மி" என்றார் அவர். "ஆனா இது தனியா தாங்காதும்மா, உள்ளே உங்க பழைய உடுப்பும் இருக்கணும். கீழே போட்டுடாதீங்க. உள்ளுக்குள்ள விரிசல் விட்டா வெளியே தெரியாது."

கையிலிருந்த பணம் ஒரு ஜோடிக்குத்தான் போதுமானதாக இருந்தது. நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. இரண்டும் ஒரே வடிவம். திரும்பும் வழியில், டாக்ஸி வேனில், அவள் கேட்டாள்:

"அண்ணே, உங்களை எங்கே சுடுவாங்க?"

"கேள்வியைப் பாரு! முன்கண்ணாடியைத் துளைச்சு நெஞ்சுலதான்."

"என்னை?"

"பெட்டியோட வண்டிக்குத் திரும்புவே பாரு, அப்போ. முதுகுல."

அவள் ஒரு தகட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"உனக்குக் கிறுக்கா? நெஞ்சுக்கு என்ன பண்ணுவே?"

"முன்னால நீங்க பார்த்துக்கிட்டிருக்கீங்கல்ல. நீங்க விழுந்துட்டா எனக்குக் கதவைத் திறக்கிறது யாரு?"

டிப்போவில் நாங்கள் சும்மா விடவில்லை. "ஒரு ஆமையை ரெண்டாப் பிளந்துட்டாங்கடா!" என்றோம். இருவரும் கண்டுகொள்ளவே இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் உடை மாற்றும்போது ஃபன்யானாவின் தகடு கைநழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஐந்தாம் நாள் காலை, வண்டி கிளம்பும் நேரத்தில் சொன்னார்.

மொக்கடி கத்தியது முற்றம் முழுக்கக் கேட்டது. "நாலு நாளா கீழே விழுந்த தகட்டைக் கட்டிக்கிட்டா ஓட்டினீங்க?"

"உன்கிட்ட சொன்னா உன்னோடதைக் கழட்டிக் குடுப்பே."

அவள் விரல்கள் அப்போதே தோள்பட்டைப் பட்டையில்தான் இருந்தன. சூப்பர்வைசர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இருவரும் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அன்றன்றைய வழியைப் பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள்: நெடுஞ்சாலை நாளென்றால் மிஞ்சிய நல்ல தகடு அவருக்கு, கடைவீதி நாளென்றால் அவளுக்கு. அப்படியும் டிசம்பர்வரை தினமும் காலையில் அந்த ஒரு தகட்டுக்காக ஐந்து நிமிஷம் வாக்குவாதம் நடக்கும். பெரும்பாலும் அவர்தான் தோற்பார், அதாவது தகட்டை மாட்டிக்கொள்வார்.

டிசம்பர் போனஸில் ஃபன்யானா தனக்கென்று ஒன்று வாங்கினார். பீங்கான்தான். அதை அவர் குழந்தையைப் போல இரு கையாலும் தூக்குவார். இதுவரை அவர்கள் வண்டியை யாரும் மறிக்கவில்லை. அந்தத் தகடுகள் தாங்குமா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் மொக்கடி சொல்வாள்.