பச்சை டிக் போட்ட டப்பா

உலகமே டப்பாவின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறது. அதன் பின்பக்கத்தைப் படித்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. திங்கள், புதன், வெள்ளி விழுப்புரம். செவ்வாய், சனி திண்டிவனம். இரண்டு ஊரிலும் ஒரே டாக்டரம்மாவின் சர்க்கரை நோய் கிளினிக். மருந்து அவர் பொறுப்பு, சாப்பாடு என் பொறுப்பு. கதவில் 'உணவு ஆலோசகர்' என்று எழுதியிருக்கிறது. ஊரில் என் பெயர் டப்பா சார். ஊரையெல்லாம் சோறு சாப்பிடாதே என்று சொல்லியே சோறு சாப்பிடுகிறவன் என்பது வீட்டில் என் மனைவி கொடுத்திருக்கும் பட்டம்.

மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னால் நம் ஜனங்கள் இட்லியை விட்டுவிடுவார்கள். பரோட்டாவைக்கூட விடுவார்கள். நாலு மணிக்கு இனிப்பாக ஒரு டம்ளர் எதையாவது குடிப்பதை மட்டும் விட மாட்டார்கள். அவர்களுக்கென்றே கடைகளில் டயட், லைட், ஜீரோ என்று பாட்டிலும் டப்பாவுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். "சார், இத குடிக்கலாமா?" என்ற கேள்வியை ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கேட்கிறேன். என் மேஜையில் இரண்டு மார்க்கர் பேனா உண்டு. பின்பக்கத்தைப் படிப்பேன். தேறினால் டப்பாவின் மேலேயே பச்சை டிக். தேறாவிட்டால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பொடி எழுத்தைப் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக தொழிலாளிகளே, பை நிறைய பாட்டிலோடு எங்களைத் தேடி அலையும் நோயாளிகளே, என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கெடார் ஏழுமலையின் ஜூஸ்

ஏழுமலை கெடாரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. மல்லாட்டை அளவாகச் சாப்பிடலாம் என்று நான் சொன்னதிலிருந்து என்மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஒரு நாள் ஆப்பிள் ஜூஸ் பாக்கெட்டோடு வந்தார். முன்பக்கத்தில் ஒரு ஒல்லிப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்து. அதை நம்பி மனிதர் தினம் மூன்று பாக்கெட் காலி செய்துகொண்டிருந்தார்.

பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். நூறு மில்லிக்குப் பதினொரு கிராம் மாவுச்சத்து. பாக்கெட் இருநூறு மில்லி. மூன்று பாக்கெட்டுக்கு அறுபத்தாறு கிராம். அவருக்கு டாக்டரம்மா ஒரு நாள் முழுக்க அனுமதித்திருப்பதே ஐம்பதுதான். "சர்க்கரையை அவன் சேக்க வேண்டியதே இல்லைங்க, ஆப்பிள்லயே இருக்குது" என்றேன். ஏழுமலை பாக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, மரியாதைதான் இருந்தது. "சேக்கலன்னுதான் போட்டுக்கினு இருக்கான். இல்லன்னு எங்கயும் போடல பாரு சார். கில்லாடி சார் அவன்!"

ஜமீலாம்மாவின் வலது கண்

ஜமீலாம்மா கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனத்தில் மகள் ரஹ்மத் வீட்டில் தங்கி எங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண் பல வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றி, எதிரில் நிற்பது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்வார். கண் ஆஸ்பத்திரியிலோ, சர்க்கரை இறங்காமல் ஆபரேஷன் இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தேதிக்கு இரண்டு மாதம் இருந்தது. அது முடிந்த கையோடு, துபாயில் வேலை பார்க்கும் மகன் நாற்பது நாள் லீவில் வருகிறான். வந்ததும் நிக்காஹ். பெண்ணை போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். ஜமீலாம்மா அவள் குரலைக் கேட்டிருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை.

இப்படி ஒரு நோயாளியை நான் கண்டதில்லை. சோறு, சேமியா, சொந்தக்காரர் வீட்டு பிரியாணி எல்லாவற்றையும் நான் சொன்ன அன்றே விட்டார். புளிப்பும் இனிப்புமாகக் குடிக்க மட்டும் ஏதாவது வேண்டும் என்றார். ரஹ்மத் ஒரு டயட் எலுமிச்சைப் பொடி டப்பாவை எடுத்து நீட்டினாள். படித்தேன். ஸ்பூனுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துகூட இல்லை. சேர்மானப் பட்டியலிலும் கள்ளத்தனம் இல்லை. இந்தத் தொழிலில் யோக்கியமான டப்பாவைப் பார்ப்பது அபூர்வம். பெரிதாக ஒரு பச்சை டிக் போட்டு, "தாராளமா குடிங்க" என்றேன். ஜமீலாம்மா அந்த டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வர்ற மருமவ மூஞ்சிய நான் தடவிப் பாத்துக்கினா இருக்க முடியும்? நீ போட்ட டிக்க நம்பித்தான் இருக்கறேன் தம்பி."

எந்த டம்ளர்?

கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரி கம்பெனிக்கு வேலைக்குப் போகிற செல்வி, சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் டயட் பவுடர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு டம்ளருக்கு ஒரு பாக்கெட், அளவோடு குடித்தால் பாதகமில்லை. டிக் போட்டு அனுப்பினேன். அடுத்த மாதம் இரண்டு கிலோ எடை ஏறி வந்து நின்றார்.

எனக்குச் சந்தேகம் வந்து, வீட்டு டம்ளரை எடுத்து வரச் சொன்னேன். வந்தது டம்ளர் இல்லை, அரை லிட்டர் சொம்பு. அது நிறைய பால், அதில் மூன்று பாக்கெட் பவுடர். அன்றிலிருந்து டப்பாவோடு டம்ளரையும் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கிளினிக்கின் சட்டம். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. சொம்பைக் குறைத்துவிட்டு, "சாப்பாட்டுக்குப் பதிலாத்தானே குடிக்கிறீங்க?" என்று செல்வியைக் கேட்டேன். "பதிலாவா? நான் சாப்பாட்டுக்கு முன்னாடின்னு நெனச்சிக்கினேன் சார். அத குடிச்சா நல்லா பசிக்குது!"

பதினெட்டு ஆஸ்பத்திரி

ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு விழுப்புரம் கிளினிக்குக்கு வந்தார். சிறுதானிய டயட் பானம். முன்பக்கத்தில் கேப்பைக் கதிர் படம். எங்கள் மருந்துக் கடையில் வைத்து விற்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நம் ஆட்களுக்குக் கேப்பை என்றாலே அதில் மாவே கிடையாது என்று ஒரு நினைப்பு. கம்பெனிக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. டாக்டரம்மா பாக்கெட்டைத் தொடவே இல்லை. "எங்க சார் பாத்துச் சொல்லட்டும்" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

சேர்மானத்தில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சடிக்க வேண்டும். முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். சர்க்கரை என்ற பெயரில் வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரைக்குச் சளைக்காமல் ஏறும். கேப்பை நான்காவதாக வந்தது, அதுவும் நூற்றுக்கு ஐந்து. சிவப்பு மார்க்கரை எடுத்து, கதிர் படத்தின் மேலேயே ஒரு பெருக்கல் குறி போட்டேன். டாக்டரம்மா சிரித்தார். என் நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. அந்த மனிதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பதினெட்டு ஆஸ்பத்திரி ஏறி எறங்கிட்டேன் சார். எவ்ளோ பேஜாரு பாருங்க, இங்கதான் பின்னாடி திருப்பிப் பாக்குறீங்க."

ஏறிய சர்க்கரை

ஜமீலாம்மாவின் சர்க்கரை மூன்று வாரத்தில் மளமளவென்று இறங்கியது. நான் மீசையை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது வாரம் திரும்ப ஏறி, வெறும் வயிற்றிலேயே இருநூற்றைத் தாண்டியது. ஆபரேஷன் தேதிக்கு மூன்று வாரமே இருந்தது. தேதி தவறினால் மறு தேதி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. மகனின் லீவு அதற்காகக் காத்திருக்காது.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். முட்டை, மீன், கீரை என்று ஒப்பித்தார். "ஒன் டப்பாவத்தான் இப்ப நாளைக்கி நாலு டம்ளரு குடிக்கிறேன். முன்னவிட இப்ப ரொம்ப ருசியா கீது தம்பி" என்றார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. டப்பாதான் நான் டிக் போட்டதாயிற்றே! என் கணக்கு தப்பாது, அப்படியானால் அந்த அம்மாள்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். "என்கிட்ட மறைக்காதீங்க ஜமீலாம்மா. யாருக்கும் தெரியாம எதையோ சாப்பிடறீங்க" என்றேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். ஜமீலாம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே எழுந்தார். "எனக்குக் கண்ணுதான் தெரியாது தம்பி. பொய் சொல்லத் தெரியும்னு யாரும் சொன்னது இல்ல."

எறும்பு

அடுத்த சனிக்கிழமை வர மாட்டார் என்று நினைத்தேன். முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். ரஹ்மத் கையில் ஒரு கட்டைப்பை. அதிலிருந்து டம்ளர், ஸ்பூன், டப்பா, உப்பு, எண்ணெய் எல்லாம் என் மேஜைக்கு வந்தன. "நான் வாயில வைக்கிற அத்தினியும் இதுல கீது. நீயே பாத்துக்க" என்றார்.

டப்பாவை எடுத்தேன். என் வழக்கப்படி பின்பக்கத்தைத்தான் மறுபடியும் படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்போது என் விரலில் ஒரு எறும்பு ஏறியது. தட்டிவிட்டேன். இன்னொன்று ஏறியது. மூடியின் இடுக்கிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன. சர்க்கரையே இல்லாத டப்பாவில் எறும்புக்கு என்ன வேலை? மூடியைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு டப்பாவை நான் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். அசல் சர்க்கரை.

ரஹ்மத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பொடி கடையில ஸ்டாக்கு இல்லன்னுட்டாங்க சார். துபாய்லர்ந்து அண்ணன் அனுப்பிச்ச லெமன் பொடி வூட்ல கெடந்துச்சி. அதுவும் லெமன்தான, இதுவும் லெமன்தானன்னு நெனச்சேன். பாக்கெட்டோட வச்சா எறும்பு வருதுன்னு இந்த டப்பால கொட்டிக்கினேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளை நான் என்ன சொல்ல? நம் வீடுகளில் எந்த டப்பாவில் அதில் எழுதியிருக்கிற பொருள் இருக்கிறது? என் வீட்டிலேயே பிஸ்கட் டப்பாவில் துவரம்பருப்பு, காபித்தூள் பாட்டிலில் கடுகு. இதைத் தெரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு தேவையில்லை, அடுப்படிக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். சர்க்கரைப் பொடியின் மேல் என் கையால் போட்ட பச்சை டிக் பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. போன வாரம் பேசிய அதே குரலில், வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். ஜமீலாம்மா கையை ஆட்டினார். "மன்னிப்பெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். ஜல்தியா மொதல்ல அந்த டிக்க அழி."

மூடியைத் திற

இப்போது எங்கள் கிளினிக்கில் மூடியைத் திறக்காமல் டிக் கிடையாது. புதுச் சட்டம் போட்ட வேகத்தில் ஏழுமலை கொண்டுவந்த டயட் மோர்ப் பொடி டப்பாவைத் திறந்து, முகத்துக்கு நேராகப் பிடித்து நன்றாக மோந்து பார்த்தேன். உள்ளே இருந்தது மிளகாய்த்தூள். அடுத்த கால் மணி நேரம் நான் தும்மியது டாக்டரம்மா அறை வரைக்கும் கேட்டதாம். மூக்கைச் சிந்திக்கொண்டு முறைத்தேன். ஏழுமலை ரொம்பவும் நியாயமாகப் பேசினார்: "டப்பாவ எட்தாரச் சொன்னீங்க, எட்தாந்தேன். உள்ள இருக்கறதயும் எட்தாரணும்னு சொன்னீங்களா சார்?"

நிக்காஹ் முடிந்து

ரஹ்மத் புதுச்சேரிக்குப் போய் அசல் டயட் பொடியை வாங்கி வந்தாள். அதை உடைக்காமலே எங்களிடம் எடுத்து வந்து, என் கண் முன்னால் உடைத்து, என்னைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சர்க்கரை இறங்கியது. டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். குறித்த தேதியில் ஆபரேஷன் நடந்தது. அந்த இரண்டு வாரமும் நான் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டாத சாமி இல்லை.

நிக்காஹ் முடிந்த அடுத்த சனிக்கிழமை ஜமீலாம்மா யாரும் பிடிக்காமல் தானாக நடந்து வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இத்தினூண்டு பையனா? கொரல கேட்டு ரிட்டையர் ஆவற வயசுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!" என்றார். மருமகள் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன் தம்பி. மண்டபத்துல பக்கத்துல வந்து ஒக்காந்து, மாமி குடிங்கன்னு ஒரு டயட்டு ஜூஸு பாட்டில நீட்டுனா. சம்பந்தியம்மா படிக்கிற கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கினேன். பாட்டில திருப்பி நம்பரப் பாத்தேன், நூறுக்குப் பன்னெண்டு. கீழ வச்சிட்டு அப்பறமாத்தான் அவ மூஞ்சிய நிமுந்து பாத்தேன்" என்று சொல்லி நிறுத்தினார். நாலு வருஷமாகக் கலங்கிக் கிடந்த அந்தக் கண் இப்போது சிரித்தது. "பாட்டிலு தேறல தம்பி. மருமவ தேறிட்டா."

ஜமீலாம்மா மாதிரி இன்னும் நாலு பேர் கிளம்பினால் எனக்கு இரண்டு ஊரிலும் வேலை போய்விடும் என்பதுதான் இந்தத் தொழிலில் என்னுடைய ஒரே கவலை, சொல்லிக்கொள்ளும்படியான ஒரே பெருமையும் அதுதான்.