தொண்ணூற்று நாலு கிலோக்காரர் ஏன் விழுந்தார்

வெள்ளகோவிலில் மாட்டுத்தீவனக் கடை நடத்திய வள்ளியாத்தாளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீரும்வரை தூக்கம் வராது. காய்ந்த சோளத்தட்டைத் தின்கிற மாட்டுக்கு வெள்ளை வெளேரென்று பால் எப்படி வருகிறது, பருத்திக்கொட்டைக்குள் எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்டுத் துளைத்து எடுப்பாள். பதில் தெரியாதவர்கள் தவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தப்பித்து ஓடுவார்கள். தொண்ணூற்றாறாம் வருசம் அவளைப் பிடித்த சந்தேகம் சொந்த வீட்டுக்காரரைப் பற்றியது.

அதற்கு இரண்டு வருசம் முன்னால் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைத்தால் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடப்பதாகவும், அது போய்ச் சேரும்வரை தண்ணீரும் உப்பு மோரும் தவிர எதையும் தொடுவதில்லை என்றும் புருசன் சென்னியப்பன் வேண்டிக்கொண்டார். அவள் பிழைத்தாள். அடுத்த பங்குனியில் அவர் காவடி எடுத்தார். தாராபுரம் தாண்டியதும் கண் இருட்டி நடுரோட்டில் சாய்ந்துவிட்டார். சொம்பு உருண்டு தீர்த்தமெல்லாம் மண்ணில் போனது.

அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவில்லை. வேண்டுதலை நிறைவேற்றாததால் சாமி இவளைத் திரும்பக் கேட்குமோ என்று பயம். வள்ளியாத்தாள் ஒரு தும்மல் போட்டால் அவருக்கு முகம் வெளுத்துவிடும். அவள் சற்று அயர்ந்து படுத்தால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். நன்றாக இருக்கிற மனுஷி எத்தனை நாள்தான் நோயாளியாகக் குடித்தனம் செய்வது? இந்தப் பங்குனியிலாவது அவர் பழனிக்குத் தீர்த்தம் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும் என்று அவள் தவித்தாள்.

அவளைக் குடைந்தது இதுதான். அவர்கள் கடையில் மூட்டை சுமக்கும் வேலனும் போன வருசம் அதே பட்டினியோடு அதே வழியில் நடந்தான். அவன் விழவில்லை. கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் வேலன் நாற்பத்தெட்டு கிலோ, சென்னியப்பன் தொண்ணூற்று நாலு. போதாததற்கு, "பட்டினி பழகறேன்" என்று இந்த வருசமும் அவர் ஒரு வாரம் முன்கூட்டியே சோற்றை ஒதுக்கத் திட்டம் போட்டிருந்தார்.

சினை பார்க்கப் போகும் வழியில் மாட்டு டாக்டர் சுரேந்தர் கடைக்கு வந்தபோது வள்ளியாத்தாள் மடக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்க டாக்டரே, கொழுப்புங்கறது ஒடம்பு சேத்து வெச்ச சோறுதானுங்களே? இவருகிட்ட அது மூட்டை மூட்டையா இருக்குது. வேலங்கிட்ட எலும்பைத் தவிர என்ன இருக்குது? அப்புறம் எப்படிங்க இவரு உழுந்தாரு?"

"அக்கா, நான் மாட்டு டாக்டருங்க."

"மாட்டுக்கு ஒரு நாயம், மனுசனுக்கு ஒரு நாயமுங்களா? சொல்லுங்க."

சுரேந்தருக்கு வேறு வழியில்லை. தின்கிற சோறு சர்க்கரையாக மாறுகிறது, அதில் கொஞ்சத்தை ஈரலும் சதையும் உடனடித் தேவைக்கு வைத்துக்கொள்கின்றன, மிஞ்சிப்போனால் அரைக் கிலோ இருக்கும் என்றார். அதற்கும் மேல் வருவதெல்லாம் கொழுப்பாகப் போய்ப் படியும். கொழுப்பு நிறைய இருக்கலாம், ஆனால் அதை எடுத்து எரிக்க உடம்புக்கு நேரம் பிடிக்கும். ஓடினாலும் குதித்தாலும் சர்க்கரைதான் மளமளவென்று கரையும். அது தீர்ந்தால் கால் ஓயும், தலை சுற்றும்.

வள்ளியாத்தாள் கடையைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் அளந்து போட ஒரு டிரம் தவிடு. பின்னால் கிடங்கு நிறைய மூட்டை, ஆனால் ஒரே ஒரு குறுகல் வாசல்.

"புரிஞ்சுதுங்க. சந்தை நாள்ல கூட்டம் சேந்து வந்தா டிரம்மு காலியாயிரும். கெடங்குல நூறு மூட்டை இருந்தாலும் வேலன் ஒவ்வொண்ணாத்தானே தூக்கியாருவான்?"

"அதேதானுங்க்கா. அண்ணன் வழியில என்ன பண்ணுனாரு?"

என்ன பண்ணினார்? ஊருக்கு ஊர் பம்பைச் சத்தம் கேட்டதும் காவடியோடு ஆடினார். சென்னியப்பன் ஆட்டத்தைப் பார்க்கவே கூட்டம் கூடும், அதில் அவருக்குப் பெருமை வேறு. பட்டினி பழகியதில் டிரம்மைக் காலி செய்துகொண்டு கிளம்பியவர், மிச்சத்தை ஆடியே தீர்த்திருக்கிறார். வேலனுக்கு ஆடத் தெரியாது. அவன் முதல் நாள்வரை வயிறு நிறையத் தின்றுவிட்டு, தேமே என்று நடந்தான்.

"மெதுவா நடந்தாப் போதுமுங்க. இவரு எடைக்குக் கொடுமுடியிலிருந்து பழனி போக ஒரு கிலோ கொழுப்பு கரைஞ்சா ஏறக்குறையச் சரியாப் போயிரும்" என்றார் சுரேந்தர். "ஆனா தலை சுத்துனா வேண்டுதலைப் பாக்காதீங்க, உடனே சர்க்கரைத் தண்ணி குடுத்துப்போடுங்க."

ஒரு கிலோவா! ஒரு கிலோ போதும் என்றால், இந்த மனுசன் பழனிக்குப் போய்ப் போய் வரலாமே என்று அவளுக்கு வாய் பிளந்தது.

கிளம்பும் நாள்வரை அவருக்குக் கம்மஞ்சோறும் களியுமாகப் போட்டாள். ஆடக் கூடாது என்று சொன்னதற்குத்தான் சண்டை வந்தது. பம்பை அடித்தால் அவர் கால் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கூட்டத்துக்கு ஒரு நாள் முந்தியே அவரைக் கிளப்பி, தானும் முன்னால் நடந்தாள். தழும்பு இழுக்கும் வயிற்றோடு அவளால் மெதுவாகத்தான் நடக்க முடியும். அவளைத் தாண்டிப் போக அவருக்கு மனசு வராது. எதிர்ப்பட்டவர்கள், "என்னங் கவுண்டரே, ஆட்டத்தை அடகு வெச்சுட்டீங்களா?" என்று கேலி பேசினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். தாராபுரம் தாண்டியது. போன வருசம் விழுந்த இடமும் தாண்டியது.

நாலாம் நாள் மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் வள்ளியாத்தாளுக்குப் பகீரென்றது. எல்லாம் யோசித்தவள் படிகளை மறந்துபோயிருந்தாள். ஏறுவது ரோட்டில் நடப்பது மாதிரியா? ஒவ்வொரு படியும் அந்த டிரம்மைத்தான் கேட்கும். நூறு படி ஏறியதும் சென்னியப்பனின் கால்கள் வெடவெடத்தன.

"உக்காந்து போலாமுங்க."

"வேண்டாம் அம்மணி. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

வள்ளியாத்தாள் பொத்தென்று படியில் உட்கார்ந்தாள். "எனக்கு மூச்சு வாங்குதுங்க."

அவர் சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்தார். சொம்பு மடியில், கண் அவள் மேல். அவர் கால் நடுக்கம் நின்றதும் அவள் எழுந்தாள், அவரும் எழுந்தார். இப்படி ஆறு தடவை உட்கார்ந்தாள். இவள் மூச்சுக்காகவே பயந்து சாகிற மனுசனிடம் மூச்சை வைத்தே பொய் சொல்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. முருகனிடம் ஆறு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

தீர்த்தம் போய்ச் சேர்ந்தது. வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து, அவள் கொடுத்த பஞ்சாமிர்தத்தை ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சென்னியப்பன் சொன்னார்:

"உனக்கு மூச்சு வாங்குனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஆஸ்பத்திரியில பதினெட்டு நாள் பக்கத்துலயே இருந்து பாத்தவன் நான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பொய் சொல்லிப்போட்டேனுங்க."

"சொன்னாச் சொல்லிட்டுப் போ." துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அவர் அழுதார். "ஆறு தடவை பாத்தேன் அம்மணி. ஆறு தடவையும் நீ நல்லாத்தான் இருந்தே."