வட்டத்துக்குள் கை வைக்கக் கூடாது

மாரியைக் குத்திவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம், தாராவி லேபர் கேம்ப் ஏரியாவில், வெளிச்சம் இருக்கும்போதே. வயிற்றில் கத்தி. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் உயிர் இருந்ததாம்...

ஆத்மா சாந்தி அடையட்டும் என்று யாரும் கமெண்ட் போடாதீர்கள். எனக்கு யாரையாவது போட்டு அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாரி ஒரு ராப்பர். வாரம் முழுக்க லெதர் ஒர்க்‌ஷாப்பில் பை தைப்பான். சனிக்கிழமை தாராவியில் எங்கள் ஸ்கூலுக்கு வந்து, நான் நடத்தும் சயின்ஸ் பாடத்தைப் பத்தாம் கிளாஸ் பையன்களோடு உட்கார்ந்து பாட்டாக்குவான். வரி பையன்களுடையது. பீட் இவன் வாயிலிருந்து வரும்.

முதல் நாளே ரத்தம். இரண்டு பையன்கள், பக்கத்துப் பக்கத்து கல்லி, அடுத்தடுத்த சந்து, ஜென்மப் பகை. ஒருவன் ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரை எடுத்து இன்னொருவன் தொடையில் இறக்கிவிட்டான். கட்டுப் போட்டதும் மறுபடி பாய்ந்தார்கள். நான் கத்தினேன். மாரி விலக்கிவிடக்கூட இல்லை. மற்றவர்களைச் சுற்றி நிற்க வைத்தான்.

"ஏலே, வட்டத்துக்குள்ள கை வைக்கக் கூடாது. வாயால அடி. அவன் முடிச்ச பொறவு நீ அடி. வெளிய நிக்கவன் எவனும் உள்ள வரப்படாது."

அன்றைக்குப் பாடம் ரத்த ஓட்டம். ஒருவன் இதயம், ஒருவன் நுரையீரல். "நான் நின்னா நீ பொணம்" என்றது இதயம். "என் காத்து இல்லாட்டி உன் ரத்தம் வெறும் தண்ணி, பாய்" என்றது நுரையீரல். முழுப் பாடமும் சண்டையிலேயே முடிந்தது. பரீட்சையில் ஒருத்தனும் அந்தக் கேள்வியை விடவில்லை.

அப்புறம் முதலுதவிப் பாடம். பையன்கள் எழுதிக்கொண்டு வந்தது இதுதான்:

"கத்தி நிக்குதா, புடுங்காத
துணிய வச்சு அமுக்கு, தூக்காத
நனைஞ்சு போச்சா, எடுக்காத
மேல இன்னொண்ண வை, விடாத"

"ஏன்டா கத்தி? சைக்கிளில் இருந்து விழுந்தான்னு எழுதக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மிஸ், இங்க எவன் சைக்கிள்ல இருந்து விழுதான்?" என்றான் மாரி. கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன்...

நேற்று நடந்ததை கணேஷ் சொன்னான். டிவைடர் வாங்கிய தொடை அவனுடையதுதான்.

பைக் உரசியதில் லஃப்டா, தகராறு. கணேஷும் வெளிப்பையன் ஒருத்தனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டீ குடிக்க வந்த மாரி நடுவில் புகுந்து, "வட்டம் போடுங்கலே" என்றிருக்கிறான். எங்கள் பையன்கள் போட்டார்கள். இவன் பீட்டை ஆரம்பித்தான். கணேஷ் பழக்கத்தில் கையை இறக்கிவிட்டுத் தன் முறைக்காக நின்றான்.

மற்றவன் எங்கள் கிளாஸில் ஒருநாளும் உட்கார்ந்தவன் இல்லை. கத்தியை எடுத்து, நடுவில் நின்ற மாரிமேல் இறக்கிவிட்டான்.

"எங்க பயலுவ எல்லாம் வெளியவே நின்னுட்டானுவ மிஸ். உள்ள வரப்படாதுல்லா..."

கத்தியை உருவிக்கொண்டு அவன் ஓடிவிட்டான். கணேஷ் தன் சட்டையைக் கழற்றி அமுக்கினான். ஆட்டோவில் மாரியை மடியில் போட்டுக்கொண்டு அந்த நாலு வரியைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறான். முடிந்தால் மறுபடி முதலில் இருந்து.

"மொதல்ல அவரும் பீட் போட்டாரு மிஸ். அப்புறம் போடல."

இன்று காலை பிணவறை வாசலில் எல்லாப் பையன்களும் இருந்தார்கள். கணேஷ் தோளில் ஸ்கூல் பேக்.

"ஞாயிற்றுக்கிழமை எதுக்குடா பேக்?"

பேக் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "குத்தினவன் வீடு தெரியும் மிஸ்" என்றான்.

"வட்டத்துக்குள்ள கை வைக்கக் கூடாதுன்னு மாரி சொன்னானா இல்லையா?"

"அது அவனுக்குத் தெரியாதுல்லா மிஸ்."

"உனக்குத் தெரியுமே."

பேக்கைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. ஓங்கி ஒன்று விட்டேன், கன்னத்தில், அத்தனை பேருக்கும் முன்னால். இத்தனை வருஷத்தில் ஒரு பையனையும் தொட்டதில்லை நான். அப்போதுதான் அவன் அழுதான். நேற்றிலிருந்து அழவில்லையாம். வாரை விட்டுவிட்டான்.

திலக் நகரில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். பேக் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. திறக்கவில்லை. நல்ல கனம், புத்தகத்தின் கனம் இல்லை. நாளைக்கு வந்து கேட்பான், தர மாட்டேன். திரும்ப அடிக்க வேண்டி வந்தாலும் அடிப்பேன்.

பை என்கிட்டதான் இருக்கு மாரி...

நீ போயிட்டு வா.