கை தானாக நசுங்குவதில்லை

அந்தமானின் மாயாபந்தரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் சந்தித்த எல்லோருடைய பெயருக்கு முன்னாலும் ஒரே சொல் ஒட்டியிருந்தது. "மைசெல்ஃப் பிஸ்வாஸ், சைட் இன்சார்ஜ்." "மைசெல்ஃப் ராவ், ஸ்டோர்ஸ்." வீட்டுக்கொரு மொழி பேசும் ஊர் இது. தெருவுக்கு ஹிந்தி, ஆபீசுக்கு இங்கிலீஷ். ஆபீஸ் வாசலில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டை மாதிரி அந்த மைசெல்ஃப். மெயின்லேண்டில் இருக்கும் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். கொஞ்ச நாளில் நானும் போனை எடுத்ததும் "மைசெல்ஃப் கவிதா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் மேல் எனக்கு அருவருப்பு வந்தது பிறகுதான்.

கப்பல் அணையும் ஜெட்டியில் வேலை செய்யும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் இயந்திரப் பராமரிப்பு இன்ஜினியர். பம்ப், ஜெனரேட்டர், வின்ச் மூன்றும் என் பொறுப்பு. கம்பிவடத்தை உருளையில் சுற்றிப் பாரம் தூக்கும் அந்த வின்ச்சை ஓட்டுபவர் முருகையா அண்ணன். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளை. வின்ச்சின் பிரேக் தேய்ந்து தகடாகியிருந்தது. பிஸ்வாஸிடம் சொன்னேன். "ஷிப் ஆயேகா, மேடம்" என்றார். கப்பல் வந்தது, பிரேக் வரவில்லை. மறுபடி சொன்னேன். அதே பதில். ஒரு மழைநாள் காலையில் பிரேக் நழுவி, உருளை பின்னோக்கிச் சுழன்று, அண்ணனின் இடது கை கம்பிவடத்துக்கும் உருளைக்கும் நடுவே போய்விட்டது.

அன்று மதியமே ரிப்போர்ட் எழுதும் வேலை எனக்கு வந்தது. மாதிரிக்கென்று பிஸ்வாஸ் கொடுத்த பழைய ஃபைலில் ஈரம் பூத்திருந்தது. ஹெல்பர் இஞ்சூர்டு ஹிம்செல்ஃப். வெல்டர் பர்ன்ட் ஹிம்செல்ஃப். மெஸ் சமையல்கார அம்மாவுக்கு ஹர்செல்ஃப். இயந்திரங்களுக்கு மட்டும் வேறு மரியாதை: பெல்ட் பை இட்செல்ஃப் அறுந்திருந்தது, இன்ஜின் பை இட்செல்ஃப் நின்றிருந்தது. செய்தவரும் பட்டவரும் ஒரே ஆள் என்றால்தான் இந்தச் சொல் வரும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. இந்த ஃபைலின்படி மனிதர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள், இயந்திரங்கள் தாமாகவே கெடுகின்றன, கம்பெனி எந்த வாக்கியத்திலும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே அச்சு. கெட்டுப்போன மீனை மோந்த மாதிரி இருந்தது. ஹிம்செல்ஃப் எழுதப்பட்ட ஒருவர்கூட இன்று இங்கே வேலையில் இல்லை. கவனக்குறைவு என்று நிறுத்திவிடுவார்கள். முருகையா அண்ணனுக்கும் அதுதான் காத்திருந்தது.

பிரேக் நழுவியது, கம்பிவடம் ஆபரேட்டரின் கையை நசுக்கியது என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு பிஸ்வாஸ் பரிவோடு சிரித்தார். "இங்கிலீஷ் டீக் ஹை, மேடம். லேகின் ஹிம்செல்ஃப் கஹாங் ஹை?"

ஹிம்செல்ஃப் எங்கே என்று கேட்டதற்கு, செய்தது பிரேக் என்றேன்.

"ஹாங் ஹாங், பிரேக் இட்செல்ஃப், ஆத்மி ஹிம்செல்ஃப். தோனோ டாலோ." பிரேக்குக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று இரண்டையும் போடச் சொன்னார். நான் சொல் மறந்து தவிக்கிறேன் என்றே நினைத்தார். செல்ஃப் இல்லாவிட்டால் அது ரிப்போர்ட் மாதிரியே இல்லையாம். கெட்ட மனிதர் இல்லை, காலையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர். அதுதான் அருவருப்பை இன்னும் கூட்டியது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வாங்க மேடம். ஒத்தக் கைலதான் வணக்கம், கோவிச்சுக்காதீங்க" என்றார் முருகையா அண்ணன். ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னதும், "நானே நசுக்கிக்கிட்டேன்னு எழுதிருங்க. ஒங்களுக்கு எதுக்கு லஃப்டா, வீண் வம்பு?" என்றார்.

"நீங்களா கைய விட்டீங்கண்ணே?"

"கை என்னா கரும்பா, மெஷின்ல குடுக்க?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"எல்லாரும் அப்பிடித்தானே மேடம் சொல்லுறது."

அது எனக்குப் புதிதில்லை. சிவகாசியில் என் அப்பா பிரஸ்ஸில் பேப்பர் வெட்டும் மெஷினில் நின்றவர். வேலை வேகமாக ஓடட்டும் என்று முதலாளி அதன் காப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அப்பாவின் ஆள்காட்டி விரல் போன மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "பாத்து செய்யக் கூடாதா? இப்படி வெட்டிக்கிட்டியேப்பா" என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா டம்ளரில் காபி கொடுத்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டிலும் அதுவே வாக்கியம்: அப்பா விரலை வெட்டிக்கிட்டாரு. நான் கடலைத் தாண்டி வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து, இங்கிலீஷ் கற்று, ஃபைலுக்குள் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் என் ரிப்போர்ட்டில் எதையும் மாற்றவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஐ மைசெல்ஃப் என்று தொடங்கும் வரி: பிரேக் தேய்ந்திருப்பதை நானே பார்த்தேன், நானே சைட் இன்சார்ஜிடம் சொன்னேன். பிஸ்வாஸின் கண் காகிதத்தின் மேல் ஓடியது. "அப் டீக் ஹை! செல்ஃப் ஆ கயா" என்று, செல்ஃப் வந்துவிட்டதில் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டு போர்ட் பிளேயர் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். வரியைப் படிக்கவில்லை, அந்தச் சொல்லைத்தான் தேடியிருக்கிறார்.

வரியைப் படிப்பவர்கள் போர்ட் பிளேயரில் இருந்தார்கள். அடுத்த கப்பலிலேயே பிரேக் வந்தது. முருகையா அண்ணனை நிறுத்த முடியவில்லை, கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். எனக்குக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல். "ஆப்னே குத் அப்னா நுக்சான் கியா" என்று பிஸ்வாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நானே கெடுதல் செய்துகொண்டேனாம். அப்பாவுக்குப் போன் செய்தேன். "நீயா போயி மாட்டிக்கிட்டியேம்மா" என்றார்.

"நான் மாட்டிக்கலப்பா, மாட்டிவிட்டாங்க. உங்க விரலையும் மெஷின்தான் வெட்டுச்சு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. பிறகு, "ஆமா. மூடி கழட்டித்தான் கெடந்துச்சு" என்றார். என் நினைவில் அப்பா அதைச் சொன்னது அதுதான் முதல்முறை.

மாயாபந்தரில் போர்ட் பிளேயர் பஸ் ஏறும்போது முருகையா அண்ணன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். இப்போது கார் நிக்கோபார் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறேன். போனில் சிக்னல் போய்விட்டது. பக்கத்தில் நின்ற நிக்கோபாரி அக்கா, "கஹாங் ஸே?" என்று ஊரைக் கேட்டார். "மைசெல்ஃப்" என்று தொடங்கி, அந்தச் சொல் உறுத்தவே நிறுத்தினேன். ஊர் இருக்கும் திசையைக் கையாலாவது காட்டலாம் என்று தூக்கினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலாக இருந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது.