மர்சியா எடுத்த அறை

கல்யாண வீட்டில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "நான் இங்க பாயில படுக்க மாட்டேன். என் புருஷனோட சேந்து ஹோட்டல்ல தங்கப் போறேன்" என்று மர்சியா சொன்னதும் பத்துக் கத்தியும் ஒரே நேரத்தில் நின்றன.

வீடு ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் இருந்தது. மர்சியாவின் நாத்தனார் வார்த்தினியின் மகளுக்கு மறுநாள் காலை நிக்காஹ். வொனோகிரி மலைப்பக்கத்திலிருந்து உறவுக்காரர்கள் பஸ் பிடித்து வந்து இறங்கியிருந்தார்கள். வழக்கம்போல் பெண்களுக்கு முன்கூடத்தில் பாய், ஆண்களுக்குப் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் பாய். முப்பது வருஷமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம்தான்.

"அண்ணி, உங்களுக்கு வயசு அம்பத்தஞ்சு" என்றாள் வார்த்தினி. "பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்குமே நான் இன்னும் ரூம் போடல."

"அம்பத்தி நாலு. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தாத்தான் அஞ்சு."

"எங்க வீட்டுப் பாய்ல முள்ளா இருக்கு?"

"பாய் நல்ல பாய்தான். நான் தினமும் பாய்லதான் படுக்கறேன். ஒரு நாள் கட்டில்ல படுத்தா என்ன இப்போ?"

"ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். வாய் வலிச்சா அவங்களே நிறுத்திப்பாங்க."

பெண்கள் சிரித்தார்கள். வாசலில் சிகரெட்டோடு நின்றிருந்த அவள் புருஷன் காஸ்தி சிரிக்கவில்லை. காதுவரை சிவந்துபோய்ச் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார்.

மர்சியா ஊரில் தெம்பே போடுகிறவள். சோயாவை வேகவைத்து, வாழையிலையில் பொதிந்து புளிக்கவைத்து, விடியற்காலை ஸுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு சந்தைக்குக் கொண்டுபோவாள். அந்த வேலையிலேயே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். காஸ்தி ஜகார்த்தாவில் டவுன் பஸ் ஓட்டினார். கல்யாணமான வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர் இருபத்தேழு வருஷம் கழித்துத்தான் விட்டு ஊர் திரும்பினார். அதுவரை நோன்புப் பெருநாளுக்கு ஒருமுறை, நடுவில் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். வந்தால் நாலு நாள். அந்த நாலு நாளும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் அப்பாவை இனிமேல் பார்க்கவே போவதில்லை என்பதுபோல அவர் மேல் ஏறிக் கிடப்பார்கள்.

ஒரே ஒருமுறை அவள் புருஷனைத் தேடி ஜகார்த்தா போனாள். கல்யாணமாகி எட்டாவது மாதம், இருபது வயசு. ஒரு கூடையில் தெம்பேயும் வறுத்த கோழியும் எடுத்துக்கொண்டாள். சேலைத்துணிக்குள் கல்யாணத்துக்கு அத்தாட்சியாக அரசாங்கம் கொடுத்த நிக்காஹ் புத்தகத்தையும் மடித்து வைத்துக்கொண்டாள், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. காஸ்தி பதினொரு டிரைவர்களோடு பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரே அறையில் படுத்துக்கிடந்த காலம் அது. அவளை அங்கே எப்படிக் கூட்டிப்போவது? ஜத்திநெகாரா ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜுக்குக் கூட்டிப்போனார். மேஜைக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டிருந்த ஆள் புத்தகம் எதுவும் கேட்கவில்லை. அவள் ரப்பர் செருப்பைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். பிறகு காஸ்தியைப் பார்த்து, "இதை எந்தத் தெருவுல புடிச்ச?" என்றான்.

காஸ்தி ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். அவள் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரியின் சமையலறையில் படுத்திருந்துவிட்டு, காலைப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள். அந்த ஆள் கேட்டதை அவள் மறந்துவிட்டாள். அல்லாஹ் அவனை மன்னிக்கட்டும் என்று துஆகூடச் செய்திருக்கிறாள். இவர் தலைகுனிந்ததைத்தான் மறக்கவில்லை. அதற்கப்புறம் அவள் ஜகார்த்தா பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நிக்காஹ் புத்தகம் சிவப்பு பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று.

இப்போது வார்த்தினி வீட்டுக் கல்யாணம் வந்தது. தெம்பே விற்ற காசில் கொஞ்சம் தனியாக முடிந்து வைத்திருந்தாள். புறப்படும் அன்று சிவப்பு டப்பாவையும் எடுத்துப் பையில் வைத்துக் கட்டினாள்.

"போலாமா?" என்றாள் புருஷனிடம். "இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத சந்து கிடையாது. நல்ல ஹோட்டலாக் காட்டுங்க."

"எல்லா ஹோட்டலும் எனக்கு வெளியிலருந்துதான் தெரியும் மர்சி. ஆளை இறக்கிவிட்டுட்டு நான் போயிட்டே இருப்பேன்."

"இன்னைக்கு நீங்களும் இறங்குங்க."

முதலில் போனது பெக்காசியிலேயே, சுங்கச்சாவடிச் சாலை ஓரத்தில் இருந்த ஓர் இடம். ஒவ்வொரு அறைக்கும் கீழே கார் நிறுத்த ஓர் அறை, அதற்கு ஒரு இழுப்புக் கதவு. வாசலில் மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு, ஆறு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பலகை வைத்திருந்தார்கள்.

"மூணு மணி நேரம் மட்டும் தூங்கறதுக்கு யாருங்க வருவா?" என்று மர்சியா கேட்டாள்.

காஸ்தி தொண்டையைச் செருமினார். "டிரைவருங்க வருவாங்க."

"கார் கதவை எதுக்கு இழுத்து மூடறாங்க?"

"வெயில்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த வேனை விட வேகமாக நடந்தாள்.

அடுத்தது நகரத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோபுரம். உள்ளே குளிரில் பல் கிட்டியது. அறையைப் பார்க்கலாமா என்று மர்சியா கேட்க, காலணி பளபளக்கும் ஒரு பெண் மரியாதையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். கட்டில் மேகம் மாதிரி இருந்தது. ஆனால் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் சுவரே இல்லை, வெறும் கண்ணாடி.

"இங்க குளிக்கிறவங்கள அங்கருந்து பாக்கலாமே!"

"அதுதாம்மா டிசைன்" என்றாள் அந்தப் பெண்.

"முப்பத்தி நாலு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன் தாயி. இவர் பாக்காதது இனிமே பாக்க ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குச் செவுரு வேணும்."

வெளியே வந்ததும் காஸ்தி சொன்னார்: "மர்சி, போதுமே. வார்த்தினி வீட்டுக்கே போயிடலாம். முட்டி வலிக்குது."

"இன்னும் ஒண்ணு பாத்துடலாம். எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

"எங்க?"

"ஜத்திநெகாரா."

அவர் வேனில் போகும்போது முழுக்க ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பழைய லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது ஒரு பழக்கடை இருந்தது. அதிலிருந்து நாலு கட்டிடம் தள்ளி, பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு ஹோட்டல். மார்க்க நெறிப்படி நடக்கும் குடும்பங்களுக்கானது என்று பலகையிலேயே எழுதியிருந்தது. மர்சியா அறைக்குள் போனதும் முதலில் மேலே பார்த்தாள். கூரையில் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் அம்பு ஒட்டியிருந்தது. மேஜைமேல் இரண்டு தொழுகை விரிப்பு. குளியலறைக்குச் சுவர் இருந்தது, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யத் தாழ்வாக ஒரு குழாயும் இருந்தது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் சுடச்சுட வந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"இதான்" என்றாள்.

கீழே வரவேற்பு மேஜையில் ஹில்மான் என்று பேட்ச் குத்திய பையன் உட்கார்ந்திருந்தான். முளைவிட்ட தாடி, பதவிசான பேச்சு. இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தான். காஸ்தி இன்னும் ஜகார்த்தா முகவரியை மாற்றியிருக்கவில்லை, சோம்பேறித்தனம். மர்சியாவுடையது வொனோகிரி.

"முகவரி வேற வேற இருக்கும்மா."

"ரெண்டுலயும் கல்யாணமானவங்கன்னு போட்டிருக்கே தம்பி."

"ஆமாம்மா. ஆனா யாரோடன்னு போடலையே. நிக்காஹ் புத்தகம் இருந்தா பாத்துட்டு உடனே சாவி குடுத்துடறேன். இங்க அதான் சட்டம்."

மர்சியாவின் முகம் விளக்கு போட்டதுபோல் ஆனது. முப்பத்தி நாலு வருஷம் கழித்து, அதே தெருவில், ஒருவன் முறையாகக் கேட்கிறான்! "கேளுங்க தம்பி, நல்லாக் கேளுங்க" என்று பையை அவிழ்த்து, சிவப்பு டப்பாவை மேஜைமேல் டங்கென்று வைத்து மூடியை நெம்பினாள்.

உள்ளே வாய்வரைக்கும் ரெங்கினாங். ஒட்டரிசியை வட்டமாகத் தட்டிக் காயவைத்துப் பொரித்த வடகம்.

ஜாவாவில் பெருநாளுக்கு வாங்கும் பிஸ்கட் தீர்ந்ததும் டப்பாவில் வடகம் போட்டு வைக்காத வீடு கிடையாது. மர்சியா வீட்டில் ஒரே மாதிரி இரண்டு டப்பா. ஒன்றில் காகிதம், ஒன்றில் வடகம். அவள் எடுத்து வந்தது வடக டப்பா.

ஹில்மான் டப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நல்ல மணமா இருக்கும்மா" என்றான். "ஆனா புத்தகம்?"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பம் சிரித்துவிட்டது.

"ரெண்டு அறையாத் தரட்டுமா?" என்று அவன் இரக்கப்பட்டுக் கேட்டான். "ஐயாவுக்கு மூணாவது மாடி, அம்மாவுக்கு அஞ்சாவது மாடி."

காஸ்தி குனிந்து பையை எடுத்தார். தலை குனிந்தபடியே, "வா மர்சி, போயிடலாம்" என்றார்.

அவள் அசையவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் குனிஞ்சீங்க" என்றாள் மெதுவாக. "இந்தத் தெருதான். அன்னைக்குப் புத்தகம் என் மடியிலயே இருந்துச்சு. எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா நீங்க காட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை, 'இவ என் பொண்டாட்டி'ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. நான் கட்டிலுக்கா இத்தனை தூரம் வந்தேன்? நான் போகமாட்டேங்க. நீங்க போறதுன்னா போங்க. நான் இந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கேன்."

அவள் போய் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்டத் தொடங்கினாள். காஸ்தி கையில் பையோடு நடுக்கூடத்தில் நின்றார். வாசல் திறந்துதான் இருந்தது.

பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

ஊரில் பக்கத்து வீட்டுத் துமிராவைக் கூப்பிட்டார். மலை அடிவாரத்தில் சிக்னல் எப்போதும் வந்து வந்து போகும். மெதுவாகப் பேசிப் பார்த்தார். எட்டவில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசினார். எட்டவில்லை. கடைசியில், நெரிசலில் ஹாரன் வேலை செய்யாத பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கத்துவாரே, அந்தக் குரல் வெளியே வந்தது.

"துமிரா அக்கா! நான் காஸ்தி! ஜகார்த்தாவுல ஹோட்டல்ல நிக்கறேன்! ஆமா, ஹோட்டல்! என் பொண்டாட்டியோட! யாரோடயா? மர்சியாவோட! எனக்கு வேற எத்தனை பொண்டாட்டி இருக்கா? நிக்காஹ் புத்தகம் கேக்கறாங்க! வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில! அலமாரி மேல சிவப்பு டப்பா! போட்டோ எடுத்து அனுப்புங்க! அவளும் நானும் ஒரே ரூம்ல தங்கணும்! ஒரே ரூம்ல!"

சிரித்த குடும்பம் இப்போது சிரிக்கவில்லை. ஹில்மான் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். காஸ்தி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மனைவியின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"போட்டோ அனுப்பணும்னா அக்கா பள்ளிவாசல் முற்றத்துக்குத்தான் போகணும். அங்கதான் சிக்னல் நிக்கும்" என்றார். "சாயங்காலம் அஸர் தொழுகை நேரம். ஊரே அங்க இருக்கும். எல்லாரும் பாத்துருவாங்க மர்சி."

"பாக்கட்டுமே" என்றாள் மர்சியா. டப்பாவைத் திறந்து அவருக்கு ஒரு வடகம் கொடுத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் படம் வந்தது. பழுப்பேறிய பக்கத்தில் இரண்டு சிறு முகங்கள். ஒட்டக் கத்தரித்த முடியோடு ஒரு பையன், பயந்த கண்களோடு ஒரு பெண். கூடவே துமிராவின் செய்தி: இமாம் சலாம் சொல்லச் சொன்னார், நல்லாத் தூங்கச் சொன்னார்.

ஹில்மான் உள்ளே போய் மேலாளரைக் கேட்டுவிட்டு வந்தான். இரண்டு கைகளாலும் சாவியை நீட்டினான். மர்சியா எழுந்திருக்கவில்லை. காஸ்திதான் போய் வாங்கினார். வாங்கும்போது, யாரும் கேட்காமலே, "இவங்க என் மனைவி" என்றார்.

"தெரியும் ஐயா" என்றான் ஹில்மான். "இப்ப வொனோகிரிக்கே தெரியும்."

அந்தி சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்கு அவர் முன்னால் நின்றார், அவள் பின்னால் நின்றாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. இந்த நகரத்தில் அவர்கள் சேர்ந்து தொழுதது அதுதான் முதல்முறை. சலாம் கொடுத்துத் திரும்பிய காஸ்தி ரொம்ப நேரம் விரிப்பை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காலையில் மர்சியா அந்தச் சுடுதண்ணீரை விட்டுவிட மனமில்லாமல் தலைக்கு ஊற்றிக் குளித்தாள். ஒன்பது மணி நிக்காஹுக்குக் கல்யாண வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது முக்காட்டின் ஓரம் ஈரமாக இருந்தது. புருஷனோடு சேர்ந்தால் விடியுமுன் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பது மார்க்கம்; அதைப் பெண்கள் விட்டுவிடுவார்களா?

"ஏய், இங்க பாருங்கடி! அண்ணி தலை ஈரம்!" என்று வார்த்தினி மணப்பெண்ணைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தாள். "விடிகாலையில தலைக்கு ஊத்திக்கிட்டாங்களாம்!"

"ஃபேன்ல காட்டிட்டு வந்திருக்கலாமே அண்ணி!" என்றாள் இன்னொருத்தி.

"எதுக்குக் காட்டணும்?" என்றாள் மர்சியா. "வெயில் இருக்கு. தானாக் காயும்."

முக்காட்டைக் கொஞ்சம்கூட இழுத்துவிடாமல், எல்லாருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, சிவப்பு டப்பாவைத் திறந்து சுற்றிலும் நீட்டினாள். கிண்டல் பண்ணியவர்களெல்லாம் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

"சரி, ஒரு நாள் ஆசை தீர்ந்துச்சுல்ல?" என்றாள் வார்த்தினி வடகத்தைக் கடித்துக்கொண்டே. "இன்னைக்கு இங்கதானே பாய் போடணும்?"

மர்சியா வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கத்திலிருந்து காஸ்தியின் குரல் வந்தது, அதே பஸ் ஜன்னல் குரல்.

"வேணாம் வார்த்தினி. நான் ரெண்டு நாளுக்குச் சொல்லியிருக்கேன்."