அக்கா அணைக்காத வரி

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி: 'அசெர்ஷன் ஃபெயில்ட்'. அதற்குப் பிறகு எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. எண்பதுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைப் போட்டு வைத்தவர் எங்கள் மூத்த ப்ரோக்ராமர். எல்லோருக்கும் அவர் அக்கா.

'இந்த இடத்தில் இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே போகாதே, நில்' என்று ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதி வைப்பதுதான் அசெர்ட். சி மொழியில் எங்களுக்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். எழுதும்போது போட்டுக்கொள்வார்கள், வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது ஒரு சொல்லைச் சேர்த்து மொத்தத்தையும் அணைத்துவிடுவார்கள். கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு ரத்தப் பிரிவுகளைப் பதிய ப்ரோக்ராம் எழுதியபோது பாஸும் அதைத்தான் சொன்னார்.

"கஸ்டமர் முன்னால நின்னுச்சுன்னா மானம் போயிடும் லா. எல்லாத்தையும் அணைச்சிடு."

"தப்பா ஓடுறதுக்கு நிக்கட்டுமே பாஸ்" என்றார் அக்கா.

"அப்ப நீ வேற வேலை பாத்துக்க."

அக்கா வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். 

கிளினிக்கில் ஓட ஆரம்பித்த வாரமே ப்ரோக்ராம் நின்றது. அக்காவும் நானும் பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு ஓடினோம். பார்த்தால், அட கடவுளே, ஒரே நோயாளிக்கு இரண்டு ரத்தப் பிரிவு! உண்மையில் நோயாளிகள் இரண்டு பேர், இருவரும் சுப்ரமணியம். அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மலாயில் 'இன்னார் மகன்' என்று வருமே 'ஏ/எல்', அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் பெயர் முடிந்தது என்று எங்கள் ப்ரோக்ராம் அப்பாக்களை வெட்டிவிட்டது. ஆபீஸில் அத்தனை பேரும் ஏ/எல், மகளானால் ஏ/பி! சோதிக்கும்போது மட்டும் முத்து, அலி, லிம் என்று மொட்டையாகப் போட்டிருக்கிறோம். ஒருவருக்கு ஒரே பிரிவுதான் என்ற அக்காவின் வரி அங்கே நிறுத்தியிருந்தது.

இன்று என் கைப்பேசியில் எது கெட்டாலும் 'ஏதோ தவறு' என்று குழைந்துவிட்டு அதுபாட்டுக்கு ஓடுகிறது. எரிச்சலாக இருக்கிறது.

கிளினிக்கிலிருந்தே அக்கா பாஸுக்குப் போன் செய்தார். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"அணைக்கச் சொன்னேன்ல?"

"அணைக்கல பாஸ்." நடந்ததைச் சொன்னார்.

"யாருக்காச்சும் ரத்தம் ஏத்திட்டாங்களா?"

"இல்ல. மத்தியானம் ஏத்துறதா இருந்துச்சு."

பாஸ் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, இருக்கட்டும்."

அக்கா விடவில்லை. "வரியா பாஸ், நானா?"

"ரெண்டும்தான் லா."