ஊசிக்கு விரதம் இல்லை

எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் ஈர மணல் போட்ட பானை ஒன்று இருந்தது. மணலுக்குள் பாதி புதைந்த சின்னச் சட்டியில் அப்பாவின் இன்சுலின் பாட்டில் இருக்கும். எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் பிரிட்ஜ் வைத்திருந்த வீடுகள் குறைவு. வைத்திருந்தாலும் கரண்டு இருந்தால்தானே? தினமும் காலையில் சிஸ்டர் வந்ததும் முதல் வேலையாகப் பானைக்குள் கைவிட்டு மணலைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் போதவில்லை என்றால் அவரே தண்ணீர் தெளிப்பார். அப்புறம்தான் அப்பாவிடம் போவார். "என்னையவிட அந்தப் பானை மேலதான் சிஸ்டருக்குப் பாசம்" என்று அப்பா கேலி செய்வார்.

சிஸ்டர், அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் நர்ஸ். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுப் போவார். எங்கள் கரிசல் ஊர் அவருக்கு வேற்று நாடு மாதிரி. எதைக் கண்டாலும் கேள்விதான். கருப்பட்டியை ஏன் ஓலையில் கட்டுகிறீர்கள், மிளகாயை ஏன் தரையில் காயப் போடுகிறீர்கள், இத்தனை வேலிக்கருவை எங்கிருந்து வந்தது. அம்மாவுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். கல்லூரி முடித்து, மாப்பிள்ளை பார்க்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அதைவிடப் பிடிக்கும். வேறு யார் எங்களிடம் எதைக் கேட்டார்கள்?

அந்த வேலிக்கருவை முள்தான் அப்பாவின் காலைப் பிடித்தது. திருச்சுழிப் பக்கம் மிளகாய் வத்தல் கொள்முதல் பார்க்கப் போனவர், செருப்பைத் துளைத்து வலது கட்டைவிரலில் ஏறிய முள்ளோடு பல நாள் நடந்திருக்கிறார். சர்க்கரை நோய் அவர் பாதத்தில் வலியைக் கொன்றுவிட்டிருந்தது. சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் புண் ஆறும்; வராவிட்டால் முதலில் விரல் போகும், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அப்பா வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

ஊசி ஆரம்பித்தபோது சிஸ்டர் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: மழை வந்தாலும் இடி விழுந்தாலும் ஊசியை மட்டும் ஒருநாள்கூட விடக் கூடாது. போட்ட அரைமணி நேரத்தில் சாப்பாடு என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். அம்மா தலையாட்டினாள். சிஸ்டர் தினமும் ஊசி போட்டதும் "சாப்பாடு தயாரா அக்கா?" என்று கேட்பார். அம்மா "தயார்" என்பாள். இட்லி வெந்து ஆவி பறந்துகொண்டிருக்கும். பொய்யே கிடையாது.

புண் ஆறத் தொடங்கியது. அப்புறம் மயக்கம் வந்தது. முன்பகலில், தன் வத்தல் மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே அப்பா வியர்த்துக் கொட்டி உளறிச் சாய்ந்துவிடுவார். யாராவது பெட்டிக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வாயில் ஊற்றுவார்கள், எழுந்து உட்கார்ந்துவிடுவார். இது அடிக்கடி நடந்ததும் மருந்து கூடிப்போயிற்று என்று டாக்டர் அளவைக் குறைத்தார். குறைத்ததும் மற்ற நாட்களில் சர்க்கரை ஏறியது. சோதனைக் குழாயில் நீல மருந்தோடு சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தால், சர்க்கரை மிகுந்ததற்கான செங்கல் நிறம். ஆறிவந்த புண்ணின் ஓரம் மறுபடி கறுத்தது. மயக்கமோ நிற்கவில்லை. அந்த நாட்களில் நான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டரால் இதைத் தாங்க முடியவில்லை. பயத்தைவிட, புரியவில்லையே என்ற அரிப்புதான் அவருக்கு அதிகம் என்று எனக்குப் பட்டது. மருந்து கெட்டுப்போயிற்றோ என்று புதுப் பாட்டில் வாங்க வைத்தார். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து அளவுக் கோடுகளைச் சரிபார்த்தார். திங்கட்கிழமை மயங்கினாரா, வெள்ளிக்கிழமையா என்று கிழமைகளை வைத்துக் கணக்குப் போட்டார். எதிலும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் தன் விடுமுறை நாளில், காலை ஊசி போட்ட கையோடு, என்னையும் கூட்டிக்கொண்டு மண்டியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். வத்தல் நெடி தாங்காமல் தும்மித் தும்மி மூக்கு சிவந்து போயிற்று. "சிஸ்டருக்கு யாரு வைத்தியம் பாக்கிறது?" என்று புரோக்கர்கள் சிரித்தார்கள். அவர் அசையவில்லை.

தேநீர் வந்தது. அப்பா எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார், தான் எடுக்கவில்லை. வடை வந்தது, தொடவில்லை. சிஸ்டர் அதைக் கவனித்தார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விலை சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தித் தன் விரல்களையே பார்த்தார். சிஸ்டர் சீனித் தண்ணீரைக் கலக்கி நீட்டினார். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். பிள்ளைகள் கஷாயத்துக்கு மூடுவதைப்போல.

"இன்னைக்கு வேண்டாம் சிஸ்டர். சஷ்டி."

சிஸ்டர் அவர் பக்கத்தில் குனிந்து நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, விரதம் நீங்க இருக்கீங்க. ஊசி இருக்காது. அது உங்க ரத்தத்துல தின்ன ஆள் தேடிக்கிட்டு இருக்கு. குடிங்க."

அப்பா குடித்தார். கண்ணில் நீர் வழிந்தது. வத்தல் நெடியில்லை அது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். காலுக்காகத்தான் விரதம்; சஷ்டிக்கும் கார்த்திகைக்கும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். மண்டியில் கலர் ஊற்றி எழுப்பும்போதெல்லாம் விரதம் கெட்டுப்போகும். கெட்டதற்குப் பரிகாரமாக அடுத்து வரும் ஒரு நாள் இன்னொரு விரதம். அன்றைக்கும் மயக்கம், அன்றைக்கும் கலர். விரதம் விரதமாகக் குட்டி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நாட்களில் இட்லி எங்களுக்கு வெந்தது, அப்பாவுக்கு இல்லை. இதில் மறைத்தது எதுவுமில்லை. சாமி காரியத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அம்மா பெருமையோடுதான் சொன்னாள்: "விரதத்தன்னைக்கும் நாங்க ஊசிய விட்டதே இல்லையே சிஸ்டர். நீங்க சொன்ன சொல்ல அவுக மீறவே இல்ல."

சிஸ்டர் சிரிக்கவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நாந்தான் அக்கா பாதிய மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கேன். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாட்டி என்ன ஆகும்னு சொல்லவே இல்ல" என்றார்.

விரதத்தை விடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் அப்பா ஊசியை விட்டிருப்பார். அவ்வளவு பிடிவாதக்காரர். சிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டார். பால் குடித்தால் விரதம் போய்விடுமா? பழம்? ஒருவர் நேர்ந்ததை வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொள்ளலாமா? கடைசிக் கேள்விக்கு அம்மா நிமிர்ந்தாள். "அவுகளுக்காக நான் இருக்கேன். முருகனுக்கு என்னையத் தெரியாதா?" என்றாள். சிஸ்டர் உடனே அம்மாவுக்கும் சிறுநீர் சோதனை செய்து, சர்க்கரை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். அப்பா பெரிதாக முணுமுணுத்தார். ஆனால் காலைக் காப்பாற்ற முருகனோடு அம்மாவும் சேர்ந்துகொண்டதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

டாக்டர் பழைய அளவுக்கு மருந்தை ஏற்றினார். மயக்கம் நின்றது. புண் மெதுவாக, மிக மெதுவாகச் சிவந்து, சுருங்கி, மூடியது. அப்பா முருகனுக்கு மொட்டை போட்டார். அம்மா சிஸ்டருக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். யார் கணக்கு சரியென்று இருவரும் வாதாடவே இல்லை.

அதன் பிறகு சிஸ்டரின் வழக்கம் மாறியது. ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லையாம், எங்கள் ஊரில் அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டார். தான் சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பார். கூடவே "இன்னைக்கு உங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்பார். சிரித்துப் பேசுவதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. இன்றைக்கு நோயாளிக்குப் புரியவைப்பது பற்றிப் பெரிய ஆஸ்பத்திரிகளில் வண்ணத் தாள்கள் ஒட்டியிருக்கிறார்கள். நான் நின்று படிக்கிறேன். நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆள் தேடவேண்டியிருக்கிறது.

அப்பா தொண்ணூறுகளின் நடுவில் நெஞ்சுவலியில் போனார். சிஸ்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. குளிப்பாட்டிக் கிடத்தியபோது, முறைப்படி இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்ட ஒருவர் துணி கிழித்தார். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து, அவர் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். வலது விரலின் தழும்பைத் தடவினாள்.

"ரெண்டும் இருக்கு" என்றாள், யாரிடமென்று இல்லாமல். "சிஸ்டருக்குச் சொல்லணுமே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.